பத்து வருஷம் குந்தியிருந்தால் காணி சொந்தமா?

"அதான் முப்பது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சே, இன்னும் என்னா காணி காணின்னு சொல்லிக்கினு இருக்காங்க? இங்கதான் வீடே கட்டிக் குடுத்துட்டாங்களே!"

இலங்கைத் தமிழர் முகாம் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் திருவண்ணாமலையில் அடிக்கடி காதில் விழுகிற வசனம் இது. சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. 2009-ல் முள்ளிவாய்க்கால் செய்தி வந்தபோது கண் கலங்கியவர்கள்தான். ஆனாலும் இந்த வசனத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நம்ம ஊர் லட்சணத்தைப் பார்ப்போம். பக்கத்து வீட்டுக்காரர் சுவரை அரை அடி தள்ளிக் கட்டிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? சர்வேயரைக் கூப்பிட்டுச் சங்கிலி பிடிக்கிறோம். வில்லங்கச் சான்று எடுக்கிறோம். முன்சீப் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்கிறோம். தாத்தா போட்ட பாகப்பிரிவினை வழக்கைப் பேரன் நடத்திக்கொண்டிருந்தால் அவனை யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை. "பூர்வீக சொத்துப்பா, விட்டுட முடியுமா?" என்கிறோம். கிரிவலப் பாதை பக்கம் ஒரு சென்ட் என்ன விலை என்பது சின்னப் பிள்ளைக்குக்கூட மனப்பாடம். இப்படிப்பட்ட நாம்தான், கடல் தாண்டி வந்தவரிடம் "காணியை மறந்துடுங்க" என்று தாராள மனதோடு அறிவுரை சொல்கிறோம். அரை அடிக்கு நமக்குத் தூக்கம் வராது. அவர்கள் மட்டும் எட்டுப் பரப்பை மறந்துவிட வேண்டுமாம்!

(பரப்பு என்பது யாழ்ப்பாணக் கணக்கு. 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். எட்டுப் பரப்பு என்றால் அரை ஏக்கர். ஒரு வீடு, ஒரு கிணறு, நாலு தென்னை, கொஞ்சம் தோட்டம், சுற்றிலும் வேலி. ஒரு குடும்பத்தின் மொத்த வாழ்க்கையும் அதற்குள் அடங்கிவிடும்.)

என் கட்சியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். போரில் துரத்தப்பட்டவருக்கு எதிராகச் சட்டத்தின் கடிகாரம் ஓடக் கூடாது. "இத்தனை வருஷம் நீ வரவில்லை, அதனால் உன் நிலம் உன்னுடையது இல்லை" என்று சொல்லும் சட்டம் எந்த நாட்டில் இருந்தாலும் அது துரத்தியவனுக்குக் கொடுக்கும் பரிசு. துரத்தியவன் சிங்கள ராணுவமா, தமிழ் இயக்கமா என்று பார்த்து இந்த நியாயத்தை மாற்றக் கூடாது. கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வருவேன்.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

நம்மூரில் நிலம் என்றால் பட்டா, சிட்டா, அடங்கல். அரசாங்கத்தின் கணக்கில் பெயர் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் எல்லாமே 'உறுதி'. நொத்தாரிசு எழுதிக் கொடுக்கும் பத்திரம். எல்லை எப்படி எழுதியிருக்கும்? கிழக்கே இன்னாருடைய காணி, மேற்கே ஒழுங்கை, வடக்கே இன்னாருடைய பங்கு என்று பக்கத்துக் காணிக்காரர்களின் பெயரை வைத்தே எழுதியிருக்கும். ஊர் இருக்கிற வரைக்கும் இது போதும். ஊரே ஒரே ராத்திரியில் கிளம்பிப் போய்விட்டால்? வேலி போய்விட்டது, ஒழுங்கை காடாகிவிட்டது, சாட்சி சொல்ல வேண்டிய பக்கத்துக் காணிக்காரர் டொரண்டோவில் இருக்கிறார். உறுதியோ எங்கேயோ ஒரு பதுங்கு குழியில் மண்ணோடு மண்ணாகிவிட்டது. போரில் வன்னியில் அலுவலகங்களும் அவற்றின் பதிவேடுகளும் அழிந்தன. இந்த நிலைமையில்தான் கள்ள உறுதி முடிப்பவர்களின் தொழில் செழிக்கிறது.

இதற்கு மேல் ஒரு பழைய சட்டம் உட்கார்ந்திருக்கிறது. 1871-ம் ஆண்டின் 22-ம் இலக்கக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்றைக்கும் இலங்கையில் உயிரோடு இருக்கிறது. அதன் 3-ம் பிரிவு சொல்வது இதுதான்: ஒருவர் இன்னொருவருடைய நிலத்தில், சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல், 10 வருடம் இடையூறு இல்லாமல், தொடர்ச்சியாக இருந்துவிட்டால் அந்த நிலம் தன்னுடையது என்று கோர்ட்டில் தீர்ப்பு வாங்கிக்கொள்ளலாம். நம் நாட்டிலும் இது உண்டு. 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி 12 வருடம். எதிரிடை அனுபவம் என்று நம்மூர் வக்கீல்கள் சொல்வார்களே, அதேதான்.

இந்தச் சட்டம் அடிப்படையிலேயே அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. (2008-ல் நம் உச்ச நீதிமன்றமே இதைக் கடுமையாக விமர்சித்து, அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றது. 2023-ல் சட்ட ஆணையம் மாற்றத் தேவையில்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டது.) அமைதிக் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. சொந்தக்காரர் உள்ளூரில் இருக்கிறார், கோர்ட் திறந்திருக்கிறது, பஸ் ஓடுகிறது. கண்ணெதிரே ஒருவன் தன் நிலத்தில் வேலி போடுகிறான், கிணறு வெட்டுகிறான். 10 வருடம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு 11-ம் வருடம் வந்து "என் நிலம்" என்றால் கோர்ட் கேட்காது. சும்மா இருந்தது உன் தப்பு என்கிறது சட்டம்.

ஆனால் போர்க்காலத்தில்? சும்மா இருந்தாரா சொந்தக்காரர்? ஷெல் விழுந்துகொண்டிருந்தது. பாதை மூடியிருந்தது. கோர்ட்டுக்குப் போகும் வழியில் இரண்டு ராணுவம், ஒரு இயக்கம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகு ஏறி மண்டபத்தில் இறங்கியவர் வழக்குப் போடவில்லை என்பதை 'சும்மா இருந்தார்' என்று எடுத்துக்கொள்ளலாமா? சட்டத்தின் நியாயமே "உரிமை இருந்தும் கேட்கவில்லை" என்பதில்தான் நிற்கிறது. கேட்கவே முடியாதவருக்கு அந்த நியாயம் எப்படிப் பொருந்தும்?

வேடிக்கை என்னவென்றால், 1871-ல் எழுதியவர்களுக்கே இந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. 13-ம் பிரிவைப் பாருங்கள். வழக்குப் போடும் உரிமை ஒருவருக்கு முதன்முதலில் வரும் நேரத்தில் அவர் சிறுவராகவோ, சித்தசுவாதீனம் இல்லாதவராகவோ, கடல் கடந்து இருப்பவராகவோ இருந்தால் அந்தத் தடை நீங்கும்வரை காலம் ஓடாது. ஆகா, கடல் கடந்தவர்! அப்படியானால் திருவண்ணாமலை முகாமில் இருப்பவர் தப்பித்தார் என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் ஆப்பு.

ஒன்று, அவர் கடல் தாண்டுவதற்கு முன்பே, வன்னியில் இடம்பெயர்ந்து அலைந்துகொண்டிருந்தபோதே யாராவது அவர் வளவுக்குள் நுழைந்திருந்தால் கடிகாரம் அப்போதே ஓட ஆரம்பித்துவிட்டது. அப்புறம் அவர் படகு ஏறியது கணக்கில் வராது. இரண்டு, நாட்டுக்குள்ளேயே பத்து முகாம் மாறியவருக்கு இந்தப் பிரிவில் ஒன்றுமே இல்லை. அவர் கடலைத் தாண்டவில்லையே! மூன்று, எந்தத் தடை இருந்தாலும் சரி, 30 வருடம் ஒருவர் தொடர்ந்து அனுபவித்துவிட்டால் கதை முடிந்தது, அதுவே முடிவான சாட்சி என்று அதே பிரிவு சொல்கிறது. 1990-ல் வந்தவருக்கு 30 வருடம் எப்போது முடியும்? கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். "முப்பது வருஷம் ஆயிடுச்சே" என்று டீக்கடையில் சும்மா சொல்கிறோமே, அந்த எண் 1871-லேயே சட்டத்தில் இருக்கிறது.

இதைச் சரி செய்ய இலங்கை நாடாளுமன்றம் 2016-ல் 5-ம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை உள்ள காலத்தை, நிலத்துக்காகக் கோர்ட்டுக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்கு எதிராகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். நல்ல சட்டம். பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இரண்டு ஓட்டைகள்.

முதல் ஓட்டை: யாரால் தடுக்கப்பட்டார் என்பது. 'போராளி பயங்கரவாதக் குழுவின் செயல்களால்' வழக்குப் போட முடியாமல் போனவர் என்கிறது சட்டம். அப்படியானால் ராணுவம் முள்வேலி போட்டுத் தடுத்தவர் யார்? குண்டு வீச்சுக்குப் பயந்து ஓடியவர் யார்? அரசாங்கத்தால் துரத்தப்பட்டவர் என்ற வார்த்தையை எழுத அரசாங்கத்தின் பேனாவுக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது ஓட்டை: சட்டம் வந்து 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். 26 வருடம் நடந்த போருக்கு 2 வருடம் அவகாசம்! முகாமில் இருப்பவருக்கு இப்படி ஒரு சட்டம் வந்த செய்தியே போய்ச் சேர்ந்திருக்குமா? சேர்ந்திருந்தாலும் பாஸ்போர்ட், பயணச் செலவு, யாழ்ப்பாணத்தில் வக்கீல் ஃபீஸ், காணாமல் போன உறுதி... முகாம் உதவித்தொகையில் சாப்பிட்டுக்கொண்டு இதையெல்லாம் இரண்டு வருடத்தில் யாரால் முடிக்க முடியும்?

இதுவரை சொன்னது தனி மனிதர்கள் ஒருவர் நிலத்தில் ஒருவர் உட்கார்ந்த கதை. அரசாங்கமே வந்து உட்கார்ந்த கதை இன்னும் பெரியது.

வலிகாமம் வடக்கு தெரியுமா? பலாலி விமான நிலையம், காங்கேசன்துறை இருக்கும் பகுதி. செம்மண் பூமி. அங்கே உயர் பாதுகாப்பு வலயம் என்று ராணுவம் வளைத்துப்போட்டது. போர் முடிந்து 4 வருடம் கழித்து, 2013 ஏப்ரலில், 6,381 ஏக்கரை எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்று அறிவித்தல் ஒட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் வழக்குப் போட்டார்கள். போராட்டமும் வழக்கும் நெருக்கவும் துண்டு துண்டாக நிலம் திரும்பியது. எல்லாம் திரும்பிவிடவில்லை. அதே பகுதியில் தையிட்டியில் தனியார் காணியில் ஒரு விகாரையே எழும்பிவிட்டது. உறுதி வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் வெளியே நின்று கோஷம் போடுகிறார்கள்.

2025 மார்ச் 28-ல் இன்னொன்று நடந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் 5,941 ஏக்கர் பற்றி ஒரு வர்த்தமானி வந்தது (வர்த்தமானி என்றால் நம்மூர் அரசிதழ்). மூன்று மாதத்துக்குள் உங்கள் நிலம் என்று நிரூபியுங்கள், இல்லாவிட்டால் அது அரசு நிலம் என்பதுதான் அதன் பொருள். மூன்று மாதம்! வடக்கில் எல்லாக் கட்சிகளும் கத்தின. உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது. ஜூன் மாதம் இடைக்காலத் தடை வந்தது, அரசும் பின்வாங்கியது. நல்லதே நடந்தது. ஆனால் அது வெளிவந்ததே என்ன மனநிலையைக் காட்டுகிறது? நிலம் உன்னுடையது என்று நீதான் நிரூபிக்க வேண்டும், நிரூபிக்காதவரை எங்களுடையது. 1840-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டத்தின் புத்தி இது. காடாக, தரிசாகக் கிடக்கும் நிலமெல்லாம் ராணியுடையது என்று எடுத்துக்கொள்ளலாம் என்றான் அவன். ஊரையே துரத்திவிட்டால் வயல் தானாகத் தரிசாகிவிடும் அல்லவா?

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 1871-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரசு நிலத்தில் நீங்கள் 10 வருடம் இருந்தால் உரிமை வராது. அரசுக்கு எதிராகக் காலம் ஓடாது! (நம் நாட்டில்கூட அரசுக்கு எதிராக 30 வருடம்.) ராணுவமும் கோர்ட்டும் தாசில்தாரும் கையில் இருக்கும் அரசுக்குக் காலம் ஓடாது. ஒன்றுமே இல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவருக்கு மட்டும் ஓடும். இதைவிடத் தலைகீழான நியாயம் உண்டா?

சிலர் சட்டத்தை நம்பாமல் வேறு வழி பார்த்தார்கள். இரணைதீவு மக்கள் 1992-ல் வெளியேறியவர்கள். தீவு கடற்படையிடம் போனது. ஏறத்தாழ ஒரு வருடம் கரையில் போராடிப் பார்த்துவிட்டு, 2018 ஏப்ரல் 23 அன்று படகுகளில் ஏறித் தாங்களே தீவுக்குப் போய் இறங்கிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் அரசு சம்மதித்தது. முல்லைத்தீவில் பிலக்குடியிருப்பு மக்கள் 2017-ல் விமானப்படை வாசலில் ஒரு மாதம் ராத்திரி பகலாக உட்கார்ந்து நிலத்தை வாங்கினார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். நம்மூரில் ஈழம் ஈழம் என்று மைக் உடையப் பேசும் எத்தனை பேருக்கு இந்த இரண்டு ஊர்ப் பெயரும் தெரியும்?

சரி, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அங்கே வருகிறேன். இது கசப்பான பகுதி. பிடிக்காதவர்கள் இருப்பீர்கள், இருந்தாலும் படியுங்கள்.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அக்டோபர் 30 அன்று கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகை, பணம், உறுதி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் முகாம்களில் வாழ்ந்தார்கள். அவர்கள் வீடுகளில் யார் இருந்தார்கள்? வேறு ஊர்களிலிருந்து துரத்தப்பட்டு வந்த தமிழர்கள். கையில் காசில்லாத பலர் வந்த விலைக்கு விற்றார்கள்.

2009-க்குப் பிறகு அவர்கள் திரும்பி வந்து "எங்கள் நிலம்" என்றபோது சில தமிழர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "இருபது வருஷம் ஆயிடுச்சே, இன்னும் என்ன?" அதே வசனம்! பலாலிக்காரருக்காகக் கண்ணீர் விடும் நாம் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருக்காரருக்காகவும் அதே சட்டத்தைக் கேட்கிறோமா இல்லையா? இல்லை என்றால் நாம் கேட்பது நியாயம் இல்லை, நம் ஆளுக்கு நிலம். அப்படியானால் சிங்களவர் தன் ஆளுக்கு நிலம் கேட்பதைக் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது.

இன்னொரு கோஷ்டியும் இதில் நசுங்குகிறது. பெண்கள். யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமைச் சட்டம் உண்டு. சீதனமாக வந்த காணி பெண்ணின் பெயரிலேயே இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1911-ம் ஆண்டுச் சட்டப்படி, கணவனின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் மனைவி தன் காணியை விற்கவோ எழுதிக்கொடுக்கவோ முடியாது. கணவன் காணாமல் ஆக்கப்பட்டவன் என்றால்? கையெழுத்துப் போட ஆள் இல்லை. இறந்துவிட்டார் என்று மரணச் சான்றிதழ் வாங்கினால் வேலை முடியும், ஆனால் தன் கையாலேயே புருஷனைச் சாகடித்த மாதிரி. 2016-ல்தான் 'காணாமற்போனதற்கான சான்றிதழ்' என்று ஒன்று வந்தது. அதுவரை எத்தனையோ பெண்கள் சொந்தக் காணி இருந்தும் ஒரு கடன்கூட வாங்க முடியாமல் நின்றார்கள்.

"இதெல்லாம் நடைமுறையில் முடியாதப்பா, உலகத்துல எங்க நடந்திருக்கு?" என்பது அடுத்த கேள்வி. நடந்திருக்கிறது. நடக்காமலும் இருந்திருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

சைப்ரஸ். 1974-ல் துருக்கி ராணுவம் இறங்கியதும் தீவு இரண்டாகப் பிளந்தது. கிரேக்கர்கள் தெற்கே ஓடினார்கள், துருக்கியர்கள் வடக்கே போனார்கள். கைரீனியாவைச் சேர்ந்த டிட்டினா லோய்சிடூ என்ற பெண்மணி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 1996-ல் தீர்ப்பு வந்தது: அவர் இன்னமும் நிலத்தின் சொந்தக்காரர்தான், வருடங்கள் போனதால் உரிமை போய்விடவில்லை. 1998-ல் இழப்பீடு நிர்ணயித்தார்கள். துருக்கி இழுத்தடித்து 2003-ல் பணம் கொடுத்தது. இன்னொரு வழக்கில், அகதியின் நிலத்தில் பங்களா கட்டிக்கொண்ட ஒரு பிரிட்டிஷ் தம்பதிக்கு எதிராகத் தெற்கு சைப்ரஸ் கோர்ட் கொடுத்த தீர்ப்பைப் பிரிட்டனிலும் நிறைவேற்றலாம் என்று 2009-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது. அகதியின் நிலத்தை மலிவு விலைக்கு வாங்கியவனின் சொந்த ஊர்ச் சொத்துக்கே ஆபத்து! எனக்குப் பிடித்த தீர்ப்பு.

ஆனால் 2010-ல் அதே மனித உரிமை நீதிமன்றம் கொஞ்சம் சுதி இறங்கியது. 35 வருடம் ஆகிவிட்டது, இப்போது அங்கே குடியிருப்பவர்களையும் பார்க்க வேண்டும், வடக்கில் துருக்கி அமைத்த சொத்து ஆணையத்திடமே முதலில் போங்கள் என்றது. மீண்டும் அதே 'வருஷம் ஆயிடுச்சே'. நல்ல நீதிபதிகளைக்கூடக் காலம் சோர்வடைய வைத்துவிடுகிறது. அதனால்தான் சீக்கிரம் செய்ய வேண்டும் என்கிறேன்.

போஸ்னியாவில் சீக்கிரம் செய்தார்கள். 1995 டேட்டன் ஒப்பந்தத்திலேயே, துரத்தப்பட்டவர்களுக்குச் சொத்தைத் திரும்பப் பெறும் உரிமை உண்டு என்று எழுதி, அதற்கென்று தனி ஆணையமும் வைத்தார்கள். ஆரம்பத்தில் உள்ளூர் அதிகாரிகள் இழுத்தடித்தார்கள். சர்வதேச அழுத்தம் வந்தது. சில வருடங்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சொந்தக்காரர்களிடம் திரும்பின. எல்லோரும் ஊர் திரும்பவில்லை, பலர் விற்றுவிட்டார்கள். விற்கட்டும். விற்பதும் சொந்தக்காரரின் உரிமைதானே!

மோசமான உதாரணங்களும் இருக்கின்றன. இஸ்ரேல் 1950-ல் 'இல்லாதவர் சொத்துச் சட்டம்' போட்டது. துரத்தப்பட்ட பாலஸ்தீனியர் ஊரில் இல்லை, ஆகவே அவர் 'இல்லாதவர்', ஆகவே சொத்து அரசுக்கு. பக்கத்து ஊரில் உயிரோடு இருந்தவர்கள்கூட 'இல்லாதவர்' ஆனார்கள்! நாமும் யோக்கியம் இல்லை. நம் 1968-ம் ஆண்டு எதிரிச் சொத்துச் சட்டத்தை 2017-ல் திருத்தினார்கள். பாகிஸ்தானுக்குப் போனவரின் வாரிசு இங்கேயே பிறந்து வளர்ந்த இந்தியக் குடிமகனாக இருந்தாலும் அந்தச் சொத்தைக் கேட்க முடியாது. பிரிந்த நிலத்தில் அரசுகள் எல்லாம் ஒரே பாடத்தைத்தான் படித்திருக்கின்றன போலிருக்கிறது.

இப்போது எதிர்த்தரப்பின் நல்ல வாதத்தைப் பார்ப்போம். (மோசமான வாதத்தை அடித்துவிட்டு ஜெயித்துவிட்டோம் என்று சொல்வதில் என்ன இருக்கிறது?) "இப்போது அந்தக் காணியில் இருப்பவரும் ஏழைதானே? அவரும் வேறு எங்கிருந்தோ துரத்தப்பட்டு வந்தவர்தானே? இயக்கம் கொண்டுவந்து குடியேற்றியிருக்கும், இல்லை அரசாங்கம் பெர்மிட் கொடுத்திருக்கும். அவர் பிள்ளை அங்கேயே பிறந்து வளர்ந்துவிட்டது. அவரை எங்கே துரத்துவீர்கள்?"

நியாயமான கேள்வி. யாரையும் நடுத்தெருவில் நிறுத்தச் சொல்லவில்லை. ஒருவருக்கு வந்த அநியாயத்தை இன்னொருவர் தலையில் கட்டி வைப்பது தீர்வு ஆகாது. 2005-ல் ஐ.நா. சார்பில் வந்த பினெய்ரோ கோட்பாடுகளும் இதைத்தான் சொல்கின்றன: சொந்தக்காரருக்கு நிலம், இடையில் வந்து குடியிருப்பவருக்கு மாற்று இடம். இரண்டு ஏழைகளையும் ஒரே எட்டுப் பரப்புக்காகக் கோர்ட்டில் மோதவிட்டுவிட்டு நடுவில் கை கட்டி நிற்கிறதே அரசு, அதுதான் கடன்காரன். மாற்றுக் காணி கொடுக்க அதனிடம் நிலம் இல்லையா? வடக்கில் ராணுவம் பண்ணையும் ஹோட்டலும் நடத்த நிலம் இருந்ததே!

ஆக நான் கேட்பது இவ்வளவுதான்.

1. இடம்பெயர்ந்தவருக்கு எதிராக 10 வருடக் கணக்கும் 30 வருடக் கணக்கும் ஓடக் கூடாது. துரத்தியது யாராக இருந்தாலும். 2 வருடக் கெடு போன்ற கேலிக்கூத்துகள் வேண்டாம்.

2. வழக்குப் போட வசதியில்லாதவர்கள் போய்ச் சொல்ல ஒரு தனி ஆணையம். உறுதி தொலைந்திருந்தால் பழைய வரி ரசீது, பள்ளிக்கூடப் பதிவு, கோயில் கணக்கு, அயலவர் வாக்குமூலம் எதையும் ஏற்க வேண்டும்.

3. குடியிருப்பவருக்கு மாற்று இடமோ நஷ்ட ஈடோ அரசே தர வேண்டும்.

இவை கொழும்பு செய்ய வேண்டியவை. கொழும்பு கேட்குமா என்பது வேறு விஷயம். நம்மால் முடிந்தது என்ன? இங்கேதான் எனக்கு நம் ஆட்கள் மீது கோபம்.

1983-லிருந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். 2021 கணக்குப்படி முகாம்களில் மட்டும் சுமார் 58 ஆயிரம் பேர். எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்திலும் முகாம்கள் உண்டு. அந்த வருடம் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. புது வீடுகள் கட்டினார்கள். சந்தோஷம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்த வீட்டின் மனை யார் பெயரில்? அவர்கள் பெயரில் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. அங்கே உறுதி இருந்தும் காணி இல்லை, இங்கே வீடு இருந்தும் பட்டா இல்லை. இரண்டு கரையிலும் சொந்தம் என்று சொல்ல ஒரு குழி நிலம் இல்லாதவரிடம்தான் "மறந்துடுங்க" என்கிறோம்.

சட்ட உதவிக்கு வழி இல்லாமலும் இல்லை. நம் 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் சட்டத்தின் 12-ம் பிரிவில், இலவச சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர்கள் பட்டியலில் இன வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு எல்லா மாவட்டத்திலும் உண்டு. அவர்கள் முகாமுக்கு வந்து, யாருக்கு எங்கே எவ்வளவு காணி, என்ன ஆவணம் இருக்கிறது, எல்லையில் யார் என்று உட்கார்ந்து எழுதினால் போதும். அதிகார பத்திரம் எழுதிச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகம் வழியாக அனுப்ப உதவினால் போதும். இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். சட்டக் கல்லூரி மாணவர்கள் பத்துப் பேர், ஒரு ஸ்கேனர், சில ஞாயிற்றுக்கிழமைகள்.

இதில் அவசரமும் இருக்கிறது. வேலி எங்கே இருந்தது, கிணறு எந்த மூலையில், மேற்கு எல்லைக்காரர் பெயர் என்ன என்று தெரிந்த தலைமுறை இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. பேரப்பிள்ளைகள் பேசுவது சுத்தமான நம்மூர்த் தமிழ். அவர்களுக்குப் பரப்பு என்றால் எவ்வளவு என்றுகூடத் தெரியாது. பெரியவர்கள் போனபின் எந்தச் சட்டத்தைத் திருத்தி என்ன பயன்? யார் சாட்சி சொல்வார்?

ஆகவே அடுத்த முறை யாராவது "முப்பது வருஷம் ஆயிடுச்சே" என்று ஆரம்பித்தால், அவருடைய வீட்டு மனை எத்தனை சென்ட், நாலு எல்லையில் யார் யார் என்று கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் ஒப்பிப்பார். ஒப்பித்து முடித்ததும், முகாமில் இருக்கும் பெரியவருக்கும் அதே மாதிரி தெரியும், அதை யாரும் இன்னும் எழுதிக்கொள்ளவில்லை என்று சொல்லுங்கள்.